என் அப்பாவை ஏற்றுமதி செய்த கதை

பாட்டிலை உடைத்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் யாரும் மறுக்காத ஒரே விஷயம் இதுதான்.

மிலோவா சர்வதேச விமான நிலையம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. வரியில்லாக் கடையின் அலமாரியிலிருந்து ஒரு லிட்டர் ராக்கியா, அதாவது எங்கள் பிளம்பழச் சாராயம், எடுத்தேன். பாட்டில் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். சட்டைப்பையில் இல்லை, கோட்டுப்பையில் இல்லை. அது மூக்கின் மேலேயே இருக்கிறதோ என்று திடீரெனச் சந்தேகம் வந்து இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி இருந்தது. பாட்டில்தான் இல்லை.

சத்தத்துக்குக் கடையிலிருந்த நாற்பது பேரும் திரும்பினார்கள். வாசனை இழுத்து அருகே வந்தார்கள். பிறகு, ராக்கியா தரையில் சிந்தினால் எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதைச் செய்தார்கள்: சிலுவை போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். சிந்தியது செத்தவர்களுக்குப் போய்ச் சேரும். யாருக்கு என்று சிந்தியவன் பெயர் சொல்ல வேண்டும். நானும் பழக்க தோஷத்தில் உரக்கச் சொல்லிவிட்டேன்.

"எங்கப்பா ஸ்வெதோசாரோட ஆத்மாவுக்கு."

உடைத்தது விபத்து. பெயர் சொன்னதுதான் தவறு. அந்தத் தவறை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

என் அக்கா விதோசாவா முப்பது வருடமாக வெளிநாட்டில், பாசல் நகரத்தில் ஒரு மருத்துவமனையின் துணிகளைத் துவைத்தவள். இப்போது அதே மருத்துவமனையில் படுத்திருந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு அறுவை சிகிச்சை. பிழைத்து எழுவாளா என்று கேட்டதற்கு மருத்துவர் கைகளை விரித்திருக்கிறார். "மயக்க ஊசி போட்டுட்டு பத்துவரைக்கும் எண்ணச் சொல்வானாம்டா, ஜெர்மன்ல. பயத்துல எனக்கு ஒண்ணுக்கு அப்புறம் என்னன்னே மறந்துரும். நீ கதவு வரைக்கும் கூட வா. நம்ம பாஷையில எண்ணிக்கிட்டே வா. அது போதும்" என்று போனில் சொன்னாள். என்னை வளர்த்தவள் அவள். அதற்கு முன் என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

நான் மலைமேல் தேனீ வளர்ப்பவன். கீழே மிலோவாவுக்கு வருடத்தில் இரண்டு முறை இறங்குவேன். நண்பகல் பன்னிரண்டு மணிப் பஸ்ஸில் போனால் மறுநாள் காலை ஆறரைக்கு பாசல். அதில் போயிருக்கலாம். ஆனால் தபால் நிலையத்தில் விமான டிக்கெட் விற்றார்கள். அரசாங்கம் பாதி கொடுப்பதால் பஸ்ஸைவிட மலிவு. பகல் முழுக்க அக்காவோடு இருக்கலாமே என்று வாங்கினேன். அவளுக்காகக் கொண்டுவந்த தேனையும் வீட்டு ராக்கியாவையும் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொண்டார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால்தான் கடைக்குள் நுழைந்தேன்.

முதலில் வந்தவள் துப்புரவுப் பெண் ரோசாந்தா. வாளியை வைத்துவிட்டு மாப்பைத் தரையில் வைக்கப்போனாள்.

"ரோசாந்தா, தொடாதே! அது சாட்சி" என்று ஒரு குரல் தடுத்தது.

சுங்க அதிகாரி ரதிசாவ். பெரிய உடம்பு, தொட்டில் ஆட்டுகிற குரல். அவர் வாயிலிருந்து அன்று முழுக்க 'முடியாது' என்ற சொல் வரவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

"யாருங்க குடிச்சது?" என்று நோட்டைத் திறந்தார்.

"யாரும் குடிக்கலீங்க ஐயா. கை தவறிக் கொட்டிருச்சு."

"கொட்டினது கடைக்காரங்க சமாச்சாரம். அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா நீங்க ஒருத்தர் பேரைச் சொல்லி, அவருக்குன்னு குடுத்திருக்கீங்க. நாற்பது பேர் கேட்டிருக்காங்க. வரியில்லாச் சரக்கு நாட்டை விட்டு வெளியே போகணும். உள்ள இருக்கிற ஆளுக்குக் குடுத்தா உள்நாட்டு நுகர்வு. ஸ்வெதோசார் இப்ப எங்க இருக்காரு?"

"அவர் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"வருத்தமான விஷயம். எங்க இருக்காரு?"

நான் யோசிக்காமல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் குன்று, குன்றின்மேல் கல்லறைத் தோட்டம். ரதிசாவ் எட்டிப் பார்த்தார்.

"உள்நாடு" என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா, அது உடம்புதானே! ஆத்மா நாற்பது நாள்தான் வீட்டைச் சுத்தும், அப்புறம் போயிரும்னு பாதிரியாரே சொல்வாரு."

பேனா நின்றது. "போயிருச்சா?"

"போயிருக்கும்."

"நாட்டை விட்டா?"

"அப்படித்தான் நம்பறோம்."

அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப இது ஏற்றுமதி! உங்க மேல தப்பே இல்ல. வெளியேறினதுக்கு ஒரு ஆதாரம் மட்டும் காட்டிருங்க."

என் பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"விமானம் பத்து நாற்பதுக்குங்களே?" என்றேன்.

"அதெல்லாம் இந்த விஷயம் தீராம பேசக் கூடாதுங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒலிபெருக்கி பேசியது: "பாசல் பயணிகளின் கவனத்துக்கு. நிர்வாகக் காரணங்களால் புறப்பாடு தள்ளிவைக்கப்பட்டுள்ளது. பயணிகள் கடையில் தொடர்ந்து நேரத்தைச் செலவிடலாம்." எனக்குக் காது சிவந்தது. நாற்பது பேரின் பயணத்தை என் மூக்குக்கண்ணாடி நிறுத்திவிட்டது.

ஒவ்வொருவரிடமாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். எவரும் கோபப்படவில்லை. அதிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் ஓட்டுநரின் மூன்று தலைமுறையை இழுப்பார்கள்.

ப்ளகோயே என்ற ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சக்கரம் வைத்த இரண்டு பெரிய பைகள். காலில் வீட்டுச் செருப்பு.

"மன்னிக்கணும் அண்ணே, என்னாலதான் தாமதம்."

"என்ன தாமதம்? மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரணும். இல்லைன்னா என் பொண்டாட்டி கதவைத் திறக்க மாட்டா. மத்தபடி ஒண்ணுமில்ல."

பாசலில் வீடே இருக்கிறதா என்று மலைத்துப்போனேன். மின்வாரியத்தில் என் பெரியப்பாவும்தான் இருந்தார். அவருக்கு மிஞ்சியது முதுகுவலி.

"அடிக்கடி போவீங்களோ?"

"இந்த மாசம் இது நாலாவது தடவை."

"பாசல் எப்படி அண்ணே இருக்கும்?"

ப்ளகோயே சிகரெட் பெட்டிகளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "அது யாருக்குப்பா தெரியும்?" என்றார். ஆழ்ந்த சிந்தனையாளர் என்று நினைத்துக்கொண்டேன். தூரத்தில் ரோசாந்தா மாப்பைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். "உனக்குத் துடைக்கத்தாம்மா சம்பளம்" என்று ரதிசாவ் மென்மையாக நினைவூட்டினார். "எதைத் துடைக்கிறது, அதுதான் சாட்சியாச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

பதினொரு மணிக்கு ஆதாரப் படிவம் தயாரானது. மாட்டை ஏற்றுமதி செய்கிற படிவத்தில் 'மாடு' என்ற இடத்தை அடித்துவிட்டு 'அப்பா' என்று எழுதியிருந்தார் ரதிசாவ். தடுப்பூசி விவரத்தைப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். வெளியேறிய வழி என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள்: சாலை, ரயில், ஆறு, வான்.

"எதுலங்க போனாரு?"

அப்பா ரயிலை வெறுத்தவர். நீச்சல் தெரியாது. "மேல போனார்னுதான் சொல்லணும்" என்றேன். வான் என்ற கட்டத்தில் குறி விழுந்தது.

அந்தக் குறி யாரையோ எழுப்பிவிட்டது. கால் மணி நேரத்தில் வான்வழி ஊக்குவிப்பு அமைச்சகத்தின் ஆலோசகர் டாக்டர் லியூபோத்ராக் வந்து நின்றார். மேல்மாடியில்தான் அலுவலகமாம். கோட்டில் ஒரு சின்னஞ்சிறிய தங்க விமானம் குத்தியிருந்தது. படிவத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"வான் வழி! அப்ப உங்கப்பா மிலோவாவிலிருந்து புறப்பட்ட விமானப் பயணி!"

"அவர் இதயம் நின்னு போனாருங்க."

"எப்படிப் போனார்ங்கிறது தனிப்பட்ட விஷயம். அதுல அரசாங்கம் மூக்கை நுழைக்காது. புறப்பட்டாரா இல்லையா, அதுதான் கேள்வி. ஒரு பயணி புறப்பட்டா எங்களுக்கு ஒரு பயணிக்கான ஊக்கத்தொகை. ரதிசாவ், இந்த ஊர்ல வருஷத்துக்கு எத்தனை சாவு விழும்?"

"முன்னூறு இருக்குமுங்க."

"முன்னூறு! அதுவும் ஒரே வழிப் பயணம்! லக்கேஜ் கிடையாது, புகார் கிடையாது, சீட்டு ஜன்னலோரமா வேணும்னு அடம் கிடையாது. இத்தனை வருஷமா இவங்களைக் கணக்குல சேர்க்காம விட்டுட்டமே!" அவர் குரல் தழுதழுத்தது. "ஒவ்வொருத்தருக்கும் ஒரு லிட்டர் வரியில்லாமக் குடுக்கணும். உறவுக்காரங்க இங்க வந்து வாங்கி, பேர் சொல்லிக் கொட்டட்டும். நானே சட்டத்திருத்தம் எழுதறேன். உங்கப்பா பேரையே வைப்போம்."

அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அப்போது போன் அடித்தது. அக்கா.

"டேய் திஹோ, ஏறிட்டியா?"

"இதோ... ஏறப்போறோம் அக்கா."

"சின்ன வயசுல பொய் சொன்னா உன் குரல் இப்படித்தான் ஏறும். வெறுங்கையோடவே வாடா. ஒண்ணும் வேணாம். நர்சு வந்து வயித்துல பேனாவால கோடு போட்டுட்டுப் போயிட்டா. குனிஞ்சு பார்க்கவே பயமா இருக்கு."

சுவரில் மணி பதினொன்றே முக்கால். ஊருக்குள் பஸ் நிற்கும் இடம் ஓடினால் பத்து நிமிடம். போனை வைத்துவிட்டு ஆலோசகரின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. இன்னைக்கு விமானம் போகுமா? போகலைன்னா பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு, நான் அதைப் பிடிச்சிக்கறேன். எங்க அக்கா காத்துக்கிட்டிருக்கா."

அவர் என் தோளில் கை போட்டு ஜன்னலருகே அழைத்துப்போனார். காலியான ஓடுபாதையை இருவரும் பார்த்தோம்.

"பஸ்னு சொல்றீங்க. எனக்கு நெஞ்சு வலிக்குது. இந்த நிலையத்தைக் கட்ட எத்தனை தோட்டத்தை எடுத்தோம் தெரியுமா? எல்லாரும் விமானம் விமானம்னு பேசறாங்க. விமானம்னா என்ன? ஒரு தகர டப்பா. எண்ணெய் குடிக்கும், சத்தம் போடும், பனி பெஞ்சா நின்னுரும். முதலாளி வெளிநாட்டுக்காரன், கோவிச்சிக்கிட்டா எடுத்துட்டுப் போயிருவான். அதை நம்பி ஒரு அரசாங்கம் கொள்கை வகுக்குமா? நாங்க ஆதரிக்கிறது விமானத்தை இல்ல, விமானத் துறையை. கடைக்கு வரி வேணாம்னோம். ஏன்? பயணி வரணும். பயணிக்கு டிக்கெட்டுல பாதி குடுத்தோம். ஏன்? கடைக்குப் போகணும். கடை இருக்கிறதால நிலையம் நடக்குது, நிலையம் இருக்கிறதால கடை நடக்குது. ஒண்ணுக்கொண்ணு தோள் குடுத்து எப்படி நிக்குது பாருங்க! இதுல விமானம் எங்கே வருது?"

"பாசலுக்கு வருதுன்னு டிக்கெட்டுல போட்டிருக்குங்க."

அவர் மனம்விட்டுச் சிரித்தார். "உங்களை மாதிரி பயணிங்க இருக்கிற வரைக்கும் இந்தத் துறைக்குச் சாவே இல்ல. நீங்க இன்னைக்குப் புறப்படுவீங்க. இது அமைச்சகத்தோட வாக்கு. உங்கப்பாவே புறப்பட்டுட்டாரு, உங்களுக்கென்ன?"

புறப்படுவீங்க என்று ஒரு டாக்டர் பட்டக்காரர் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார். தவிரவும், நாற்பது பேரைக் காக்கவைத்தவன் நான்; இப்போது நழுவி ஓடினால் என்ன நினைப்பார்கள்? பாஸ்போர்ட்டும் ரதிசாவின் சட்டைப்பையில். நான் நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலிடம் வெகுகாலமாக ஒரு திருமணத்திடம் இருந்தது. அன்று பன்னிரண்டு மணிக்கு அது இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

பன்னிரண்டரைக்கு ரதிசாவ் மேசை போட்டு உட்கார்ந்தார். "புறப்பாடு தொடங்குது, வரிசையா வாங்க!" என்றார். கூட்டம் பைகளை இழுத்துக்கொண்டு எழுந்தது. நான் அழாத குறை. வந்துவிட்டது! ஒவ்வொருவரின் போர்டிங் பாஸிலும் ஒரு முத்திரை: 'புறப்பட்டார்'. முத்திரை வாங்கியவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். என் முறை வந்ததும் எனக்கு இரண்டு முத்திரை, ஒன்று அப்பாவுக்கு. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆலோசகர் கைதட்டத் தொடங்க, கடைப் பெண்களும் தட்டினார்கள்.

"நல்லபடியா போய்ச் சேருங்க" என்றார் ரதிசாவ், மனதார.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். விமானத்துக்குக் கூட்டிப்போகும் வண்டி நிற்கும் என்று நினைத்திருந்தேன். முன்னால் இருந்தது கார் நிறுத்துமிடம். ப்ளகோயே தன் பைகளைப் பழைய கார் ஒன்றின் பின்பக்கத்தில் திணித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பையிலிருந்து காபிப் பொட்டலங்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் அவரவர் வண்டியைக் கிளப்பினார்கள். "அடுத்த செவ்வாய் பார்க்கலாம்!" என்று ப்ளகோயே எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார். புழுதி அடங்கியபின் நான் மட்டும் நின்றேன்.

உள்ளே திரும்பலாமென்று கதவை இழுத்தேன். திறக்கவில்லை. சின்ன ஜன்னலைத் திறந்து ரதிசாவ் தலையை நீட்டினார்.

"நீங்க புறப்பட்டாச்சுங்களே" என்றார் வருத்தத்தோடு. "உள்ள வரணும்னா வருகைப் பக்கமா வரணும். வருகைக்கு ஒரு விமானத்துல வந்து இறங்கணும்."

"அந்த விமானம் எப்போ வரும்?"

"தகவல் வந்ததும் அறிவிப்போம்" என்று ஜன்னலை மூடிக்கொண்டார்.

சுவரோரமாக ரோசாந்தா வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க நிஜமாவே போக வந்தவரா?" என்றாள்.

"ஆமாம்மா. பாசலுக்கு."

"கடவுளே" என்றாள்.

"என் பாட்டிலாலதானே விமானம் நின்னுபோச்சு?"

"விமானமே இல்லையே அண்ணே. போன வருஷம் அறுவடையோட அது போயிருச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. சனங்க டிக்கெட் வாங்கறது வரியில்லாத சிகரெட்டுக்கும் காபிக்கும். உங்க பாட்டிலால ஒண்ணும் நிக்கல."

ஆறுதலாகத்தான் இருந்தது, ஒரு கணம். நான் யாரையும் காக்கவைக்கவில்லை. அக்கா ஒருத்தியைத் தவிர.

"பன்னிரண்டு மணி பஸ்?"

"போயிருச்சு. விரட்டிப் பிடிக்க இருந்த வண்டிகளும் இப்பதான் போச்சு."

"அடுத்தது?"

"வெள்ளிக்கிழமை."

"பெல்கிரேடு போனா? அங்க நிஜ விமானம் இருக்குமே."

"என் மச்சான் மகன் அங்க பெட்டி தூக்கறான். பாசலுக்கு நாளைக்கு மத்தியானம்தான்."

போன் மறுபடி அடித்தது. திரையில் அக்காவின் பெயர். நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அவளை உள்ள கொண்டுபோறாங்க" என்றேன். "டாக்சி, லாரி, ஏதோ ஒண்ணு. அதுக்குள்ள நான் அங்க போய்ச் சேர எதாவது வழி இருக்காம்மா?"

ரோசாந்தா வண்டி ஒன்றும் இல்லாத சாலையைப் பார்த்தாள். மனதுக்குள் ஏதோ தூரத்தை அளந்தாள். அப்புறம் வாளியை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில், அதே படியில், உட்கார்ந்தாள்.

"இல்ல அண்ணே" என்றாள்.